பாலத்தில் நிற்கிறவள்

எங்கள் ஊர் ஆற்றுப் பாலத்தில் நிற்கிற பேய் என் அக்கா. ஊரில் அப்படித்தான் சொன்னார்கள்.

சிறுமலையில் இரவெல்லாம் கொட்டிய மழை பாலத்துக்கு மேலே ஓடிய ஒரு காலையில், சின்னாளப்பட்டிப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குக் கிளம்பிய அக்காவை ஸ்கூட்டியோடு வெள்ளம் இழுத்துக்கொண்டது. மறுநாள் உடல் கிடைத்தது. மாதா கோயில் கல்லறையில் அடக்கம் செய்தோம்.

அந்தப் பழைய பாலத்துக்கு ஏற்கெனவே இரண்டு மூன்று பேய்கள் உண்டு. அக்கா போனபின் அதுகளைப் பற்றிய பேச்சே நின்றுபோய், அவள் மட்டும் நின்றாள். பூ ஏற்றிப்போகும் டெம்போக்காரர் பார்த்தாராம்.

அம்மாவுக்கு ஆத்திரம் வரும். "எம்புள்ள மோட்சத்துல இருக்கா. பாலத்துல நிக்கணும்னு அவளுக்கு என்ன தலையெழுத்து?"

நான் அம்மாவுக்குத் தெரியாமல் டெம்போக்காரரைத் தேடிப்போய்க் கேட்டேன். "என்ன சேலைண்ணே கட்டியிருந்தா?"

"யாரும்மா அதெல்லாம் பாத்தா? வண்டிய விரட்டிக்கிட்டு வந்துட்டேன்."

எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. அதன்பிறகு வேலை முடிந்து வரும்போது பாலத்திலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, இருட்டுகிறவரை நிற்பேன். கீழே மணலும் சீமைக்கருவேலமும்தான். அவள் வரவில்லை.

ஒரு நாள் தூறலில் நனைந்து நின்றபோது பைக் ஒன்று வந்தது. வெளிச்சம் என் முகத்தில் விழுந்ததும் ஓட்டி வந்தவன் அலறி, வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தான். எனக்கும் அக்காவுக்கும் ஒரே முகஜாடை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில், பைக்காரன் அக்காவைப் பார்த்த பேச்சுதான். அம்மாவும் கேட்டுக்கொண்டு நின்றாள்; யாரையும் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"மெலிஞ்சு போயிருந்தாளாமா?"

அது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "இல்லம்மா. நல்லா இருந்தாளாம்."

கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். "சாயங்காலம் போவமா?"

போனோம். அம்மா பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அக்காவை வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லி ஒரே ஒருதரம் கூப்பிட்டாள், சாப்பிட வரச்சொல்கிற மாதிரி. காற்று மட்டும் அடித்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வாரமும் வருவோம்" என்றாள்.