பங்கேற்பாளர் பதினேழின் கெண்டைக்கால்

"பங்கேற்பாளர் எண் 17. பெண், வயது 46. இல்லத்தரசி. உடற்பயிற்சி இல்லை, அசைவற்ற வாழ்க்கைமுறை."

எர்மிண்டா செலியைப் பற்றிப் பல்கலைக்கழகப் படிவம் இப்படித்தான் சொன்னது. சொல்ல வைத்தவளும் அவளேதான். "உடற்பயிற்சி ஏதாவது உண்டா?" என்று கேட்டபோது வாய்விட்டுச் சிரித்து, "அதுக்கெல்லாம் எனக்கு எங்க நேரம்?" என்றாள். ஒன்பது மாடு கறந்து, இருபது லிட்டர் கேனைத் தோளில் ஏற்றி, பால் லாரி நிற்கும் மேட்டுச் சாலைக்குக் காலையும் மாலையும் ஏறுவது வேலை. உடற்பயிற்சி என்பது ஞாயிற்றுக்கிழமை இறுக்கமான கால்சட்டை போட்டுச் செய்வது. போயாக்கா மலையில் எல்லோருக்கும் இதே எண்ணம்தான்.

அப்படியொரு கால்சட்டை அவள் வீட்டிலும் உண்டு. கணவன் பார்மேனியோவுடையது. அவன் பங்கேற்பாளர் எண் 4: சைக்கிள் வீரர், இருபது ஆண்டுப் பயிற்சி. ஞாயிறுதோறும் முதல் வளைவில் இருக்கும் பீர்க்கடை வரை ஓட்டுகிற பயிற்சி.

ஆய்வு நடத்தியவள் நுபியா, பக்கத்துப் பண்ணைக்காரரின் மகள், முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள். உழைத்து ஓய்ந்த தசையின் நுண்ணிய குழாய்களில் ரத்தம் எத்தனை வேகமாகப் பாய்ந்து களைப்பைப் போக்குகிறது என்று பார்ப்பது அவள் வேலை. ஐந்து நிமிடம் படியேறி இறங்கிவிட்டு உட்கார வேண்டும். கெண்டைக்காலில் ஒட்டிய சிறு விளக்கு திரையில் கோடு வரையும். பழகிய கால் சட்டென மீளும், பழகாத கால் இழுத்தடிக்கும். அதைக் காட்டத்தான் உடற்பயிற்சி உள்ளவர்கள் ஒரு குழு, இல்லாதவர்கள் இன்னொரு குழு.

எர்மிண்டா நாற்காலியில் சரியாகச் சாய்வதற்குள் அவள் கோடு உச்சிக்குப் போய்விட்டது. பார்மேனியோவின் கோடு, அவன் இரண்டு குவளை வெல்லத் தண்ணீர் குடித்து முடித்த பிறகும் பாதி வழியில் நின்றது.

நுபியா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அக்கா, என்னைக் கவுத்துட்டீங்களே! நாளைக்குக் கருவி தலைநகருக்குத் திரும்பிப் போவுது. தப்பான குழுவுல இருக்கீங்கன்னு உங்க ரெண்டு பேரையும் நீக்கிட்டா ரெண்டு குழுவுலயும் ஆள் குறையும். ஆய்வே செல்லாது."

"எங்களை இடம் மாத்திப் போடேன்."

"என் இஷ்டத்துக்கு முடியாதுக்கா. தினமும் என்ன செய்றீங்கன்னு ரெண்டு பேரும் உள்ளதைச் சொல்லி, புதுப் படிவத்துல கையெழுத்துப் போடணும்."

எர்மிண்டா உடனே போட்டாள். பார்மேனியோ பேனாவைத் தொடவில்லை.

"அசையாத ஆளா? நானா? ஊரே என்னைச் சாம்பியன்னு கூப்பிடுதுடி!"

"கிண்டலுக்குய்யா."

"மெஷின்ல கோளாறு."

"சரி, சாயங்காலம் நான் பால் தூக்கிட்டுப் போறேன். நீ சைக்கிள்ல வா. எனக்கு முன்னாடி மேட்டுச் சாலைக்குப் போயிட்டேன்னா கையெழுத்தே வேணாம்."

சாயங்காலம் பார்மேனியோ தலைக்கவசம், கையுறை சகிதம் வந்தான். "நீ முன்னாடி கெளம்பு, பாவம், சுமை இருக்குல்ல" என்று பெருந்தன்மை வேறு. முதல் வளைவில் அவளை முந்திக் கையசைத்தான். இரண்டாவது வளைவில் இறங்கிச் சங்கிலியைச் சரிசெய்துகொண்டிருந்தான். மூன்றாவதிலும் அதே சங்கிலி.

எர்மிண்டா நிற்காமல் கேட்டாள். "சங்கிலியா?"

"ஆ...மா... சங்கிலி."

"மூச்சு வாங்குற சங்கிலிய இப்பத்தான் பாக்குறேன்."

மேலே நுபியா படிவத்தோடு காத்திருந்தாள். லாரிக்காரர் பாலை ஊற்றி முடித்த பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த பார்மேனியோ, பேச மூச்சில்லாமல் பேனாவுக்குக் கை நீட்டினான்.

அன்று மாலை எர்மிண்டா இருபது லிட்டர் பாலை மேட்டுச் சாலைக்குச் சுமந்து போனாள். கணவன் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.