காபூல் சிங்கத்துக்குத் தமிழ் தெரியாது

சேக் பரீது பிறந்ததும் வளர்ந்ததும் திண்டுக்கல் பேகம்பூரில். ஆனால் கம்பம், பழனி, உடுமலைப்பேட்டைப் பக்கத்துச் சனங்கள் வருஷக்கணக்காக அவனைக் காபூல்காரன் என்றே நம்பினார்கள்.

முதலில் அவனுக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த எருமைத்தோலை மற்றவர்கள் இரண்டு பேராகத் தூக்குவார்கள். பரீது ஒற்றை ஆளாகத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் வருகிறவனிடம் வம்பளந்துகொண்டே நடப்பான். சாயங்காலம் பயில்வான்கள் பழகுகிற தாலிம்கானாவில் தண்டால் எடுக்கிறபோதும் பேச்சு நிற்காது. அங்கேதான் ஒட்டன்சத்திரம் நல்லுசாமி அவனைப் பார்த்தார். ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, டிக்கெட் விற்று, குஸ்தி நடத்துகிறவர். கோதாவில் யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதெல்லாம் அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஜெயிக்கிற பயில்வான்கள் அவரிடம் இருந்தார்கள். சனங்கள் திட்டித் தீர்க்கத் தோற்கிற ஆள் ஒருவன் வேண்டியிருந்தது.

“ஏனுங்க பாய், நம்மூரு ஆளை நம்மூரு ஆளே அடிச்சா யாருங்க பாக்க வருவாங்க? நீங்க காபூல்ல இருந்து வந்திருக்கீங்க. பேரு தோராப் கான். உங்களுக்குத் தமிழ் தெரியாதுங்க. கோதாவுல மட்டுமில்லீங்க, தெருவுலயும் தெரியாது, சாப்பிடற எடத்துலயும் தெரியாது. வாயத் தொறந்தீங்கன்னா கொட்டகையப் பிரிச்சுப் போட்டுருவாங்க.”

பரீது சிரித்துக்கொண்டே தலையாட்டினான். உடம்பிலிருந்து தோல் வாடை போனால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

தாடிக்கு மருதாணி பூசினார்கள். முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஜிப்பாவும் தலைப்பாகையும் வந்தன. ‘காபூல் சிங்கம் தோராப் கான்’ என்று மஞ்சள் நோட்டீஸ் அடித்தார்கள். கோதாவில் அவன் வாய்க்கு வந்தபடி உறுமுவான்; அது எந்த பாஷையும் இல்லை. கிறிஸ்துராஜ் என்ற மதுரைப் பயில்வான் அவனைத் தலைக்கு மேலே தூக்கி எறிகிறபோது கொட்டகையே எழுந்து நிற்கும். பெண்கள் பக்கத்திலிருந்து சாபம் வரும். சாபமெல்லாம் அவனுக்கு அட்சரம் பிசகாமல் விளங்கும்.

பரீதை எல்லோருக்கும் தெரிந்த திண்டுக்கல்லில் மட்டும் ஆட்டம் போடுவதில்லை. கொட்டகைச் சாமான்களைத் திண்டுக்கல்லுக்கு அடுத்த செம்பட்டியில் ஒரு கடலைக் கிடங்கில் போட்டு வைத்திருந்தார்கள். ஆட்டம் இல்லாத காலத்தில் மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். காபூலுக்கு ஏது பஸ்? பரீது கிடங்கிலேயே தங்கினான். திண்டுக்கல் பஸ் கண்ணெதிரே புறப்பட்டுப் போகும். அதில் தொங்குகிற கண்டக்டரைக்கூட அவனுக்குத் தெரியும். பார்க்காதவன் போல முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

ஒருநாள் காலை சந்தைக் கூட்டத்தில் அண்ணன் சனாவுல்லா வந்தான். வேறு யாரையோ தேடுகிறவன் மாதிரி பக்கத்தில் வந்து நின்று, தக்காளிக் கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அம்மா மவுத்தாயிட்டாக, தம்பி. நீ வெளியூரு ஆட்டத்துல இருந்த. எந்தூருன்னு தெரியல. அடக்கம் முடிஞ்சிருச்சு.”

சுற்றிலும் ஆட்கள் ‘கான், கான்’ என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கையைப் பிடிக்கக்கூட முடியவில்லை. அவன் போன பிறகு பரீது முத்துப்பேச்சியின் இட்லிக் கடைக்குப் போய், மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். எவ்வளவு அடக்கியும் கண்ணீர் தாடிக்குள் இறங்கியது.

முத்துப்பேச்சிக்கு முப்பது வயதிருக்கும். தனி ஆளாகக் கடை நடத்துகிறவள். அவன் அழுவதைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“என்ன பாயி, ஊருல யாரும் போயிட்டாகளா?” என்று கேட்டுவிட்டு, தானே சிரித்துக்கொண்டாள். “நான் ஒருத்தி. ஒனக்கு என்னத்த வெளங்கும்?”

கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அடுப்படிக்குத் திரும்பியவள், என்ன தோன்றியதோ, பேச ஆரம்பித்தாள். “எங்காத்தா செத்தப்பவும் நான் இப்படித்தான் செவுத்தப் பாத்து ஒக்காந்திருந்தேன்...”

அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு. கூட்டம் ஓய்ந்து அவன் மட்டும் உட்கார்ந்திருக்கிற நேரத்தில், மாவாட்டிக்கொண்டோ வெங்காயம் உரித்துக்கொண்டோ அவள் பேசுவாள். அவள் புருஷன் ஒச்சப்பன் மூணாறு தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன். மாசம் தவறாமல் கடுதாசி போடுகிறான், அடுத்த தைக்கு வந்துவிடுவான் என்றுதான் செம்பட்டி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பரீதிடம் சொன்னது வேறு.

“கடுதாசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல பாயி. அங்க ஒருத்தியச் சேத்துக்கிட்டான். பிள்ளையும் இருக்காம். இந்தா, இந்தச் சீல இருக்குல்ல? வத்தலக்குண்டுல நானே போயி எடுத்தேன். அவரு அனுப்புனாருன்னு அக்கம்பக்கத்துல காட்டிக்கிட்டுத் திரியுறேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஒங்கிட்டச் சொன்னா செவுத்துக்கிட்டச் சொன்ன மாதிரி. வெளிய போகாது.”

பரீது தலையை ஆட்டாமல், கண்ணை உயர்த்தாமல் இட்லியைப் பிட்டுக்கொண்டிருப்பான். கேட்கிறோமே என்று உறுத்தும். எழுந்து போகலாம்தான். ஆனால் தன் பக்கம் பார்த்துப் பேசுகிற குரல் ஊரில் அது ஒன்றுதான் இருந்தது. கம்பத்திலோ உடுமலையிலோ ஆட்டம் முடிந்து உடம்பு வலியோடு படுக்கிறபோது, திரும்பிப் போனால் அவள் இந்தத் தடவை என்ன சொல்வாள் என்று நினைப்பான். அவளுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று மனசுக்குள் கட்டிக் கட்டிக் கலைப்பான்.

இப்படி மூன்று நான்கு வருஷம் ஓடியது. பிறகு போடியிலிருந்து அவள் தம்பி வந்து, கடையை மூடிவிட்டுத் தன்னோடு வந்து இரு என்று கூப்பிட்டுவிட்டுப் போனான். முத்துப்பேச்சிக்கு நிலைகொள்ளவில்லை. கரண்டியை வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள்.

“போனா, தம்பி பொண்டாட்டிக்கு ஏவல் செஞ்சே காலம் போயிரும். இருந்தா, இந்தப் பொய்யக் கட்டிக்கிட்டு அழணும். போவட்டுமா பாயி? இருக்கட்டுமா? சொல்லேன்.”

அவனிடம் யாரும் எதையும் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. நல்லுசாமி சொன்னது, கொட்டகை, சோறு எல்லாமே அந்த நிமிஷத்தில் மறந்துபோனது.

“போகாத, தாயி,” என்றான். “யாரு வீட்டுலயும் போயி நிக்காத. ஒங் கடை ஒனக்குப் போதும்.”

குரல் கரகரத்து வந்தது. முத்துப்பேச்சி திரும்பினாள். அவள் முகம் சந்தோஷப்படும் என்று அவன் எதற்காகவோ நம்பியிருந்தான்.

“எந்தூரு நீங்க?”

‘நீ’ போய் ‘நீங்க’ வந்துவிட்டது.

“திண்டுக்கல்லு. பேகம்பூரு.”

“அப்ப, நான் சொன்னது அம்புட்டும்...”

“வெளங்குச்சு.”

அவள் குனிந்து தான் கட்டியிருந்த சீலையைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பரீதால் தாங்க முடியவில்லை. “யாருகிட்டயும் சொல்லல தாயி. அம்மா மேல சத்தியமா...” என்று எழுந்தான்.

“நானும் சொல்ல மாட்டேன், போங்க. இனிமே இங்க வராதீங்க,” என்றாள். சத்தம் போடவில்லை. அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள்.

அவள் சொன்னபடியே யாரிடமும் சொல்லவில்லை. காபூல் சிங்கத்தின் குட்டு செம்பட்டியில் கடைசிவரை உடையவில்லை. பரீதுக்கு வயிறு வேறொரு கடையில் நிரம்பியது.

அறுபத்துமூன்றாம் வருஷம் உடுமலை ஆட்டத்தில் கிறிஸ்துராஜ் கால் வழுக்கி, சொல்லி வைத்த பிடி தவறி, முழு உடம்போடு பரீதின் முழங்கால் மேல் விழுந்தான். வலியில் அவன் “யா அல்லா, காலு போச்சே!” என்று தமிழில் அலறினான். கூட்டத்தின் ஆரவாரத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. நல்லுசாமி ஆஸ்பத்திரிக்கு வந்து ஆரஞ்சு கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த மாதமே சேலத்து ஆள் ஒருவன் தாடி வளர்த்துத் தோராப் கான் ஆனான். நோட்டீஸில் படத்தைக்கூட மாற்றவில்லை.

பரீது பேகம்பூருக்கே திரும்பினான். தாடியை வெட்டிக்கொண்டு, தோல் ஷாப்பு வாசலில் வண்டிகளைப் பார்த்து உள்ளே விடுகிற வேலையில் உட்கார்ந்தான். அண்ணி குர்ஷித் பேகம் சோறு போட்டுவிட்டு, “வெஞ்சனம் போதுமா தம்பி? வாயத் தொறந்து சொன்னாத்தான் என்ன?” என்று கடிந்துகொள்வாள். அவன் விரலால் கிண்ணத்தைக் காட்டுவான்.

ரெண்டு வருஷம் கழித்து ஆட்டுத்தோல் பார்த்துவர அவனைச் செம்பட்டிச் சந்தைக்கு அனுப்பினார்கள். கால் தானாக அந்தக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனது. கடை இருந்தது. கூரைக்குப் பதில் தகரம் போட்டிருந்தாள். முன்னுச்சியில் நரை. சந்தைக் கூட்டம் பெஞ்சில் நிறைந்திருந்தது.

நொண்டிக்கொண்டு வந்து ஓரத்தில் உட்கார்ந்தவனை அவள் ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். தெரிந்துகொண்டாள். இலையைப் போட்டாள், தண்ணீர் தெளித்தாள், இட்லி வைத்தாள்.

“போடிக்குப் போகலையா?” என்று மெல்லக் கேட்டான்.

“போகல.”

இன்னும் ஏதாவது சொல்வாளா என்று அவன் தலையைத் தூக்காமல் காத்திருந்தான். அவள் பக்கத்து இலைக்குச் சாம்பார் ஊற்றிவிட்டு, திரும்பி வந்து நின்றாள்.

“வேற என்ன வேணும்?”

எல்லோரிடமும் கேட்கிற அதே குரலில்தான் கேட்டாள்.

“ஒண்ணும் வேணாம், தாயி,” என்றான் பரீது. இலையை மடித்துவிட்டு, திண்டுக்கல் பஸ்ஸைப் பார்த்து நடந்தான்.