மாடி வீட்டுக்கு மூன்று நடை

மூன்றாவது நடையாக அதே லாரியை மெர்லிமாவ் ரோட் பிளாக்கில் நிறுத்தியபோது, மலாய்க்கார சார்ஜன் தோளில் கிடந்த துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டார். மலாயாவில் அவசரகாலம் அது. காட்டில் இருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்கு அரிசி கடத்தினால் ஜெயில். நான் அப்போதுதான் லைசென்ஸ் எடுத்து, வீட்டுச் சாமான் ஏற்றுகிற லாரியில் டிரைவராகச் சேர்ந்திருந்தேன்.

"ஒரே லோரி, ஒரே பெட்டி. போறே, வர்றே. யாருக்குக் கொண்டு போறே?" என்றார், தோட்டத்தில் பழகிய தமிழில்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, சாமானுக்குச் சொந்தக்காரரான டிரசரைப் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

டிரசர் வாங்கிய வீடு

சவரிமுத்து டிரசர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். நல்ல மனிதர். மெர்லிமாவ் கடைத்தெருவில் ஒரு மாடி வீடு விலைக்கு வந்ததும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் மனைவி ரோசம்மா, மாதா கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறை பலகை வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார்.

"நம்ம சம்பளத்துக்கு அது போதும்லா" என்றாராம்.

"டிரசர் பொண்டாட்டி பலகை வீட்லயா இருப்பா? நாலு பேரு என்னா சொல்லுவான்?"

மாடி வீட்டுக்கு முன்பணம் கொடுத்ததில் சேமிப்பு, தையல் மெஷின், கண்ணாடி அலமாரி எல்லாம் போயின. மிச்சத்தை மாதத் தவணையில் கட்டவேண்டும். சாமான் ஏற்றப்போன நான் ஒரு கட்டிலையும் சில பாத்திரங்களையும் ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன்.

"ஐயா, மத்ததெல்லாம் எங்க?"

"அவ்ளோதான்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "எதிர்த்த காப்பிக்கடையில எல்லாரும் பாத்துக்கிட்டு இருப்பான், டிரைவர். நான் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன்."

ஏற்பாடு இதுதான். ஆஸ்பத்திரியில் மருந்து வந்து இறங்கிய காலிப் பெட்டிகளை ஆணியடித்து மூடி வைத்திருந்தார். அவற்றை முன்வாசலில் இறக்கவேண்டும். பின்வாசல் வழியாக மறுபடி ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடி, கொல்லைச் சந்தில் வெளியேறி, ஊரைச் சுற்றித் திரும்பவும் முன்னால் வரவேண்டும். பார்க்கிறவனுக்கு மூன்று லோடு.

"கனமா தூக்கு, கனமா தூக்கு" என்று வாசலிலேயே நின்று சொல்லிக்கொடுத்தார். நானும் இடுப்பில் கை வைத்து முனகினேன். ஒவ்வொரு நடைக்கும் தனி வாடகை என்பதால் நன்றாகவே முனகினேன்.

"காலிப் பெட்டிக்கு வாடகையா?" என்று ரோசம்மா தலையில் அடித்துக்கொண்டார். இருவரும் ஒவ்வொரு நடைக்கும் லாரியில் கூடவே வந்தார்கள்.

வெளியே போக ஒரு தடவை, உள்ளே வர ஒரு தடவை கடைத்தெரு முனையில் இருந்த ரோட் பிளாக்கைத் தாண்டவேண்டும் என்பதை மட்டும் டிரசர் யோசிக்கவில்லை.

கோசோங்

சார்ஜன் எல்லாப் பெட்டிகளையும் ரோட்டில் இறக்கச் சொன்னார். முதல் பெட்டியை உடைத்து எட்டிப் பார்த்தார். "கோசோங்!" என்றார். காலி என்று அர்த்தம். அடுத்தது. "கோசோங்!" காப்பிக்கடைக் கூட்டம் கிளாசும் கையுமாக வந்து சேர்ந்தது. அதன்பின் சார்ஜனோடு சேர்ந்து அவர்களும் "கோசோங்!" என்று கத்த ஆரம்பித்தார்கள்.

கடைசிப் பெட்டிக்குள் ஏதோ அசைந்தது. எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். ஒரு போலீஸ்காரர் துப்பாக்கியை நீட்டினார். சார்ஜன் மூடியை நெம்பியதும் பெட்டி காலியாகப் போவானேன் என்று ரோசம்மா உள்ளே அடைத்திருந்த கோழி பறந்து வந்து போலீஸ் தொப்பிமேல் உட்கார்ந்தது.

யாரும் சிரிக்கத் துணியவில்லை. "காலிப் பெட்டி ஏன் சுத்துது? சொல்லு!" என்று சார்ஜன் அதட்டினார். டிரசர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். ரோசம்மா லாரியிலிருந்து இறங்கி வந்தார்.

"சார்ஜன், இருந்ததெல்லாம் அந்த வீட்டுக்குக் குடுத்தாச்சு. ஊருக்குக் காட்டத்தான் இந்தக் கூத்து. பிடிக்கிறதுன்னா இவர மட்டும் பிடிங்க. கோழிய விட்டுருங்க."

சார்ஜன் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ருமா பெசார், பாராங் தாடா!" பெரிய வீடு, சாமான் இல்லை. கடைத்தெரு முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தது.

சாவி கைமாறியது

இரண்டு நாள் கழித்து சார்ஜன் சீருடை இல்லாமல் சாரோங் கட்டி, மனைவி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாடி வீட்டுக்கு வந்தார். கைது செய்யத்தான் வருகிறார் என்று டிரசர் படிக்கட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டார். சார்ஜனோ வீட்டை வாடகைக்குக் கேட்டு வந்திருந்தார். போலீஸ் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்குப் போதவில்லையாம்.

ரோசம்மா அங்கேயே சரி என்றார். வாடகை தவணைக்குப் போனது. டிரசரும் ரோசம்மாவும் கோயிலுக்குப் பின்னால் இருந்த பலகை வீட்டுக்கு வாடகைக்குக் குடிபோனார்கள். நான்தான் சாமான் ஏற்றினேன். ஒரே நடை. அதற்கும் டிரசர், "அரை லாரிதானே, கொறைச்சுக்க" என்றார். அப்போதுதான் அவர் தேறிவிட்டார் என்று தெரிந்தது.

பிறகு எத்தனையோ குடும்பங்களுக்குச் சாமான் ஏற்றினேன். என் கல்யாணத்துக்குப் பின் பக்கத்து ஊரான செர்காமில் நாங்களும் ஒரு சின்ன வீடு வாங்கினோம். வாங்குமுன் நானும் மனைவியும் ஒரு மாதம், தவணைப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் சாப்பிட்டுப் பார்த்தோம். மீன் இருந்தது, காப்பிக்குச் சீனி இருந்தது. அதன்பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். வீடு வாங்கப்போகிற பிள்ளைகளும் அப்படி ஒரு மாதம் சாப்பிட்டுப் பாருங்கள். பசித்தால், அந்த வீடு உங்களுக்குப் பெரியது.