சரிபார்த்து மூடப்பட்ட மூடிகள்

நகராட்சியில் வடிகால் ஆய்வாளராக இருக்கும் அந்த அம்மாளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பச்சைத்தண்ணி என்றால்தான் தெரியும். எந்த வீட்டுக்கு ஆய்வுக்குப் போனாலும் பச்சைத்தண்ணியைத் தவிர வேறெதையும் வாங்கிக் குடிக்கமாட்டாள். காப்பி கொடுத்து, சிரித்துப் பேசி அவளைக் கரைத்துவிடலாம் என்று நினைத்தவர்கள் அந்தக் காப்பியைத் தாங்களே குடித்துக்கொள்ள வேண்டியதுதான். இன்னொரு காரணம், அவள் பையில் இருக்கும் பச்சைச் சாயப்பொடி. ஒரு வீட்டுத் தண்ணீர் எங்கே போகிறது என்று சந்தேகம் வந்தால் வாளியில் பொடியைக் கரைத்து ஊற்றிவிட்டுத் தெருவில் போய் நிற்பாள். மழைநீர்க் குழாயில் வரவேண்டிய பச்சை சாக்கடையில் வந்தால் வீட்டுக்காரர் கையும் களவுமாக மாட்டிக்கொள்வார். சாயத்திடம் யார் சிபாரிசுக்குப் போவது?

சொந்தத் தம்பிக்கே நோட்டீஸ் கொடுத்தவள். புதுவீட்டு மொட்டைமாடித் தண்ணீரை அவன் சாக்கடைக் குழாயில் இணைத்திருந்தான். அதற்கப்புறம் ஒரு வருஷம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "எங்க அக்கா விசேஷத்துக்கு வந்தா பரிசு கொண்டு வருவாளோ இல்லையோ, நோட்டீஸ் கொண்டு வருவா" என்று சொந்தக்காரர்கள் மத்தியில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறான்.

"சிரிடா சிரி" என்பாள் அவள். "சாக்கடைக் குழா சின்னது. மாடித்தண்ணிய அதுல விட்டா நிரம்பிப் பள்ளத்துல இருக்கறவன் வீட்டுக்குள்ள ஏறும். நீ மேட்டுல உக்காந்து மழைய ரசிப்ப. அவன் வாளி வச்சு அள்ளிட்டிருப்பான்."

விதி என்று புத்தகத்தில் இருப்பதெல்லாம் அவளுக்கு அந்த வாளிக்காரன்தான். அப்படிப்பட்டவள் ஒரே வீட்டுக்கு மூன்று முறை தப்பான நோட்டீஸ் கொடுத்தாள் என்றால் நம்புவீர்களா?

சரிவான தெரு ஒன்றின் அடிக்கோடியில், தரைத்தளத்தில், ஒரு தையல்காரம்மா குடியிருந்தாள். முன்னறையில் மெஷின், பின்னால் சமையலறை, அதற்கடுத்துக் குளியலறை. பெருமழை பெய்தால் குளியலறைத் தரையிலிருந்து கறுப்புத் தண்ணீர் குமிழியிட்டு ஏறும். முதல் புகாருக்குப் பச்சைத்தண்ணி போய் வாசல் சாக்கடைத் தொட்டியைத் திறந்து பார்த்தாள். கை நிறையத் துணி வெட்டுகள் வந்தன. தையல்காரம்மாவின் வீடு, தொட்டியில் துணி. இதற்கு மேல் என்ன விசாரணை? சாக்கடையில் துணி போட்டதற்கு நோட்டீஸ் எழுதினாள்.

"நான் போடலம்மா. வெட்டெல்லாம் சாக்குல கட்டி வைக்கறேன், பாருங்க" என்றாள் தையல்காரம்மா.

"அப்ப துணி தானா நடந்து வந்துச்சா?"

அடுத்த வருஷம் இரண்டாவது நோட்டீஸ். அதற்கடுத்த வருஷம் மூன்றாவது. மூன்றாவது என்றால் விளையாட்டில்லை. பதினைந்து நாளில் கழிவுநீர் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். இணைப்பில்லாத வீட்டில் ஆள் குடியிருக்கக் கூடாது. வீட்டோடு மெஷினுக்கும் பூட்டு.

தையல்காரம்மா நோட்டீஸை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். எல்லார் முன்னாலும் கேட்டாள். "துணி அடைச்சா தினமும்ல அடைக்கணும்? மழை பேஞ்சா மட்டும் எப்படிம்மா அடைக்கும்? துணிக்கு வானிலை அறிக்கை யாரு படிச்சுக் காட்றா?"

அலுவலகம் கொல்லென்று சிரித்தது. பச்சைத்தண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேள்வி. மூன்று வருஷமாகத் தனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று யோசித்தாள்.

கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது, பகல் இரண்டு மணிக்கு மழை கொட்டியது. குடையும் பொடியுமாகக் கிளம்பிவிட்டாள். கூட வந்தவன் கடப்பாரை. இருபது வருஷமாக அவளுக்கு மூடி தூக்கிக் கொடுப்பவன், அதனால் அந்தப் பெயர். அவனைத் தையல்காரம்மாவின் குளியலறையில் நிறுத்திவிட்டு, இவள் மேட்டுப்பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். அந்தப் பக்கத்துப் பதினோரு மாடிகளின் தண்ணீரும் ஒரே குழாயில் சேர்ந்து மழைநீர்த் தொட்டியில் இறங்குவதாகத்தான் காகிதத்தில் இருந்தது. மாடியின் வடிகுழியில் சாயத்தைக் கொட்டினாள்.

பத்து நிமிஷத்தில் போன் அடித்தது. "அக்கா! பச்சையா வருது! முழங்கால் வரைக்கும் பச்சை! நான் கிளி மாதிரி நிக்கிறேன்!"

ஆக, தையல்காரம்மாவின் வீட்டுக்குள் ஏறியது மேட்டுவீடுகளின் மாடித்தண்ணீர். துணி எப்படி வந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. முன்னறை வரை ஏறிய தண்ணீர் குளியலறை வழியாக இறங்கும்போது தைத்த இடத்தில் சிதறிக் கிடந்த வெட்டுகளையும் வாரிக்கொண்டு போயிருக்கிறது. அடைப்புக்குத் துணி காரணமில்லை. வெள்ளம் வந்ததால்தான் துணியே தொட்டிக்குப் போனது. பச்சைத்தண்ணி தலைகீழாகப் படித்திருக்கிறாள்.

மழை விட்டதும் தெருவின் நடுவே இருக்கும் இரண்டு தொட்டிகளையும் திறந்தார்கள். அந்த ஊரில் மழைநீர்த் தொட்டி மூடியில் 'ம' என்றும், கழிவுநீர்த் தொட்டி மூடியில் 'க' என்றும் வார்த்திருப்பார்கள். 'ம' மூடியைத் தூக்கியதும் நாற்றம் ஆளைத் தள்ளியது. 'க' மூடிக்குக் கீழே தெளிந்த தண்ணீர். மூடிகள் இரண்டும் ஒரே அளவு, இடம் மாறி உட்கார்ந்திருந்தன. குழாய்க்காரர்கள் மூடியைத் திறக்கக் கூடாது, எழுத்தைப் பார்த்து, பக்கவாட்டில் நீட்டியிருக்கும் குழாயில் இணைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது சட்டம். அவர்கள் மேல் குற்றமே இல்லை, 'ம' என்ற எழுத்தைப் பார்த்து மாடிக்குழாயை இணைத்து, சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார்கள்.

மூடியை மாற்றி வைத்தது யார்? அலுவலகத்தில் பழைய வேலைப் பதிவேட்டைப் புரட்டினாள். மேட்டுவீட்டுக் குழாய்கள் போடுவதற்கு ஒரு மாதம் முன்பு, அடைப்பு எடுத்த நாள் ஒன்று இருந்தது. அன்றைக்கு மூடி விழுந்து கடப்பாரையின் கால்விரல் நசுங்கியது. ரத்தமும் கூச்சலுமாக அவனை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, வழியில் போன இரண்டு பேரைப் பிடித்து அவளே நின்று மூட வைத்திருந்தாள். பதிவேட்டில் அவள் கையெழுத்து மணிமணியாக இருந்தது: 'இரு மூடிகளும் சரிபார்த்து மூடப்பட்டன.'

சரிபார்த்து. எத்தனையோ ஆயிரம் தடவை எழுதிய வார்த்தை. கை தானாக எழுதிவிட்டது, கண் பார்க்கவில்லை.

கடப்பாரை தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "அக்கா, மூடிய மாத்தி வச்சாச்சு. மேட்டுக் குழாயவும் நாளைக்கே மழைத்தண்ணித் தொட்டில திருப்பிடலாம். நோட்டீஸ ரத்துன்னு ஒரு வரி. யாருக்குத் தெரியப்போகுது?"

"மூடிய மாத்திட்டோம். அந்தம்மா பட்டத எப்படிடா மாத்துவ?"

நகராட்சிப் பொறியாளரும் நல்லதாகத்தான் சொன்னார். "மூடில எழுத்து தேஞ்சு போயிருந்துச்சுன்னு எழுதுங்கம்மா. பதவி உயர்வு பட்டியல் போற நேரத்துல உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்காதீங்க."

"எழுத்து தேயல சார். பளிச்சுன்னு இருக்கு."

அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில் தன் பதவியையும் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பட்டியலிலிருந்து அவள் பெயர் போனது. இதைக் கேட்டுப் பைத்தியம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கோ அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது.

ரத்துக் கடிதத்தைத் தபாலில் அனுப்பலாம். அவள் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

தையல்காரம்மா மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். "இணைப்ப வெட்ட வந்தீங்களா? ரெண்டு நாள் பாக்கியிருக்கே."

"இல்லம்மா. உங்க மேல தப்பே இல்ல. மூடிய மாத்தி வச்சது நான். மேட்டுத் தண்ணி உங்க வீட்டுக்குள்ள வந்தது என்னால. நான் குடுத்த மூணு நோட்டீஸும் தப்பு. மன்னிச்சிடுங்க."

மெஷின் நின்றது. தையல்காரம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். கத்தியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். தையல்காரம்மா கடிதத்தை வாங்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஒரு வயதான அம்மாளின் படத்தைக் காட்டினாள்.

"எங்க மாமியார். போன வருஷம் போய்ச் சேந்துட்டாங்க. 'உன் துணியாலதாண்டி வீடு நாறுது, உன்னாலதான் நான் இந்த நாத்தத்துல சாகப்போறேன்'னு கடைசி வரைக்கும் சொன்னாங்க. உங்க நோட்டீஸ தலகாணிக்குக் கீழ வச்சுக்கிட்டு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவாங்க. அவங்ககிட்ட யாரும்மா போய்ச் சொல்றது?"

பச்சைத்தண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். படத்துக்கு நேராக நின்றாள். "அம்மா, வீடு நாறுனது உங்க மருமகளால இல்ல" என்றாள். "என்னால."

பின்னால், தைத்துக்கொண்டிருந்த துணியை வாயில் பொத்திக்கொண்டு தையல்காரம்மா அழுவது கேட்டது. அழுகைக்கு நடுவே சொன்னாள்.

"அவங்களுக்குக் காது மந்தம். சத்தமாச் சொல்லுங்க."

அவள் சத்தமாகச் சொன்னாள்.