அடுத்த வீட்டு அலுமாரி

மன்னாரில் ஒரு கிழமை துடைக்காமல் விட்டால் அலுமாரிக் கதவு உப்புக் காற்றில் பிசுபிசுத்துப் போகும். நான் பழைய சாரத் துண்டை நல்ல தண்ணீரில் நனைத்து, இறுக்கிப் பிழிந்து துடைப்பேன். ஈரம் போகக் காய்ந்த துணியால் ஒற்றுவேன். பிறகு தேங்காய் எண்ணெயில் தேசிக்காய்ப் புளி கொஞ்சம் விட்டு, மரத்தின் வரி ஓடுகிற பக்கமாகவே தேய்ப்பேன். கறையான் ஏறாமல் நாலு காலுக்கும் தகரப் பேணி வைத்து மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தேன்.

இவ்வளவும் செய்தது என்னுடைய அலுமாரிக்கு இல்லை. அடுத்த வளவில் இருந்த முஸ்லிம் தங்கச்சியுடைய அலுமாரிக்கு.

துவக்கோடு வந்த இயக்கப் பொடியள் முஸ்லிம் சனத்தை ஊரை விட்டுப் போகச் சொன்ன நேரம், அவளுடைய புருஷனும் என் மனுசனும் இன்னும் இரண்டு பேருமாக அதைத் தூக்கி வந்து என் அறைச் சுவரோடு வைத்தார்கள். முதிரை மரக் கதவு. அவளுடைய தகப்பன் சீதனமாகச் செய்வித்தது. அவள் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்தாள். இடுப்பில் கைக்குழந்தை.

"பார்த்துக்கொள்ளுங்கோ அக்கா. ஒரு மாசத்தில வந்திருவம்."

"நீ வந்து திறக்கும் மட்டும் ஒருத்தரும் இதில கை வைக்கமாட்டினம்," என்றேன்.

வள்ளத்தில் புத்தளப் பக்கம் போனவர்கள் இருபது வருசமாகியும் வரவில்லை. என் மனுசன் செத்தார். என்னுடைய கட்டில் சட்டம் உக்கி விழுந்தது, அதைக்கூட நான் பெரிதாகப் பார்க்கவில்லை. ஒருநாள் மகன் அலுமாரியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, சத்தம் ஒரு மாதிரிக் கிடக்கு. பூட்டை உடைச்சு ஒருக்காப் பாப்பமே?" என்று கேட்டான்.

"பூட்டினவ உயிரோட இருக்கிறா. அடுத்த வீட்டுப் பூட்டை உடைக்க நான் உன்னை வளர்க்கேல்லை."

பிறகு அவன் அந்தக் கதையை எடுக்கவில்லை.

சண்டை முடிந்த பிறகு புத்தளத்துச் சனம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. எங்கள் ஒழுங்கையிலும் தறப்பாள் கொட்டில்கள் எழும்பின. யார் வீட்டுச் சாமான் யார் வீட்டில் கிடக்கிறது என்று கதை அடிபட்டது. நான் தலை நிமிர்ந்து நடந்தேன். என் பெயர் முழுக்க அந்தப் பூட்டில்தான் தொங்கியது.

அவள் வந்தாள். தலை நரைத்திருந்தது. புருஷன் அகதி முகாமிலேயே மௌத்தாகிவிட்டாராம். கைக்குழந்தையாய்ப் போன மகள் இப்போது தானே ஒரு பிள்ளைக்குத் தாய்.

"கண்ணாடி மாதிரி வைச்சிருக்கிறியள் அக்கா," என்று கதவைத் தடவினாள்.

மகளுக்குப் பொறுமை இல்லை. "உம்மா, கலியாணப் படம் இதுக்குள்ளதானே?" தகப்பன் இறந்தபோது அவளுக்கு நினைவு தெரியாத வயது. முகாமில் யார் படம் எடுத்தார்கள்? அவருடைய முகம் இருந்தது இந்த அலுமாரிக்குள் மட்டும்தான்.

பூட்டுக்கும் எண்ணெய் விட்டு வைத்திருந்தபடியால் திறப்பு லேசாகத் திரும்பியது. கதவைத் திறந்ததும் மண் மணந்தது. முதிரை என்பது முன்பக்கம் மட்டும்தான். முதுகும் தட்டுகளும் மாம்பலகை. கறையான் காலால் ஏறவில்லை, பின்னால் சுவருக்குள்ளால் வந்திருந்தது. கூறைச் சீலையைத் தூக்கினால் கையோடு உதிர்ந்தது. அல்பத்துக்கு அட்டை இருந்தது, உள்ளே முழுக்கச் செம்மண்.

அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். மகள் என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மா, நீங்க இதைக் களவெடுத்திருந்தா நல்லம். உள்ளுக்கு இருந்ததாவது தப்பியிருக்கும்."

"வாயை மூடு," என்றாள் தாய்.

விளக்குமாறு கேட்டாள். நான் கொடுக்காமல் நானே கூட்டினேன். அழவில்லை. நான் அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டி வரும். இன்றைக்கு யார் கேட்டாலும், பூட்டை உடைத்திருக்கலாம் என்று என் வாய் சொல்லாது. ஆனால் மனம் ஆறவும் இல்லை.

அடுத்த நாள் ஒழுங்கையில் மீன்காரன் வந்து நின்றான். ஒருத்தி சிரித்துக்கொண்டு அவளைக் கேட்டாள்: "என்ன, அலுமாரிக்குள்ள பவுண் எல்லாம் பத்திரமோ? இல்லாட்டி அக்கா பத்திரப்படுத்திட்டாவோ?"

"பவுண் எங்கால? நாலு பழஞ்சீலைதான் கிடந்தது," என்றாள் அவள்.

அவள் எனக்காகப் பொய் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை.

"கலியாணக் கூறையும் படமும் கிடந்தது," என்றேன். "என்ர வீட்டில வைச்சுத்தான் கறையான் திண்டது. கேட்டியளோ எல்லாரும்?"

அவள் என் கையைப் பிடித்தாள். "வாங்கோ அக்கா, மீன் பழுதாகப் போகுது."

பின்னேரம் மகள் வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. படலையில் நின்றபடியே கேட்டாள்.

"வாப்பா எப்பிடி இருப்பார்? உம்மா சொல்லத் தொடங்கினா அழுறா. நீங்க பார்த்தனீங்கதானே."

பார்த்தேன்தான். வேலிக்கு அந்தப் பக்கம் தினமும் பார்த்த மனிதர். நினைத்து நினைத்துப் பார்த்தேன். கதவு மரத்தின் ஒவ்வொரு வரியும் கண்ணுக்குள் வந்தது, அந்த முகம் வரவில்லை.

"உயர்ந்த மனிசன் பிள்ளை. சிரிச்ச முகம்," என்றேன்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறாங்க," என்று சொல்லிப் படலையைச் சாத்திவிட்டுப் போனாள்.