பிளக்கைப் பிடுங்கினால் போதும் என்று நினைத்தேன்

நான் மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறைத் தொழிலாளி. மரக்கதவு வைத்த எங்கள் பழைய கறுப்பு வெள்ளை டிவியைப் படப்பிடிப்புக்கு வேண்டும் என்று ஒருவர் கேட்டு வந்தார். இத்தகைய டிவிக்குள் 'ரெட் மெர்குரி' என்ற விலைமதிப்பில்லாத பொருள் இருப்பதாக வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தேன். அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பினேன். திறந்து பார்க்க மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவர் எடுத்துக்கொள்வாரோ என்றும் பயம்.

ஞாயிறன்று மனைவி மார்க்கெட்டுக்குப் போனதும் டிவியைப் போட்டேன். வெறும் புள்ளிகள் ஓடின. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு சிவப்பு ஒயர், பிக்சர் டியூப் மேலிருந்த ரப்பர் மூடியில் முடிந்தது. அதற்கடியில்தான் இருக்கும் என்று விரலை விட்டு நெம்பினேன். படீரென்று கரண்ட் என்னைத் தூக்கிச் சுவரில் அடித்தது. மாலைவரை கை மரத்துக் கிடந்தது.

திரும்பி வந்த மனைவி கூப்பிட, தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்து, நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். "இன்னா அண்ணாத்தே, பிளக்கைப் புடுங்கினா டியூபுல கீற கரண்ட் உடனே பூடுமா? மெர்குரியாம் மெர்குரி! அது இருந்தா நான் ஏன் இன்னும் சைக்கிள் மிதிச்சிகினு கீறேன்?"

மனைவி சிரிக்கவில்லை. "என்னான்ட கூட சொல்லாம செஞ்சிகீறியே, நீ பூட்டா நான் இன்னா பண்ணுவேன்?" என்றாள்.

இப்போது அந்தப் பின்மூடியைத் தொடுவதில்லை. யார்மீது சந்தேகம் வந்தாலும் முதலில் அவளிடம் சொல்கிறேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.