ஜெகதீஸ்வரி அக்காவின் பத்து நிமிடம்

ஜுருவில் கார் விற்கும் கடைகளுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் ஆய்வகம். நான் சாம்பிள் பதிவு செய்பவள். ஜெகதீஸ்வரி அக்கா பத்தொன்பது வருடமாகப் தீவிலிருக்கும் பாயான் பாருவிலிருந்து கடல் பாலம் தாண்டி வந்து அங்கே பால் சோதிக்கிறார். மூன்று பேர் பார்த்த வேலை. இருவர் நின்றபின் ஆள் எடுக்கவேயில்லை. கேட்டால் எனக்குத்தான் வாய் நீளமாம்.

பாலிலிருந்து கொழுப்பைப் பிரித்து, ரசாயனம் சேர்த்து, கரைப்பானைச் சூட்டில் போக்கி, மெஷினில் ஏற்ற வேண்டும். கொழுப்பிலுள்ள ஒவ்வொரு அமிலமும் திரையில் ஒரு மேடாக எழும்பும். பியூட்டிரிக் அமிலம் பால் கொழுப்பில் உண்டு, செம்பனை எண்ணெயில் கிடையாது. அந்த மேடு சிறுத்தால் பாலில் எண்ணெய் கலந்திருக்கிறது என்று பொருள். ஆனால் பாழாய்ப்போன அந்த அமிலம், சூட்டில் கொஞ்சம் கூடுதலாக விட்டாலும் ஆவியாகிவிடும்.

போன மாதம் பிச்சைமுத்து என்ற மாட்டுக்காரரின் பாலில் மேடு சிறுத்து வந்தது. எண்ணெய் கலந்த பால் என்ற அறிக்கையில் அக்கா கையெழுத்துப் போட்டார். பால் கம்பெனி அவரிடம் வாங்குவதை நிறுத்திவிட்டது. எட்டாம் நாள் அவரே வந்து நின்றார். தினமும் அறுபது லிட்டரைக் கால்வாயில் ஊற்றுகிறாராம். சத்தம் போடவில்லை.

"எண்ணெய்லாம் நான் ஊத்தலம்மா. இன்னொரு வாட்டி பாருங்க," என்றார்.

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. முதலில் சோதித்த அன்று சோதனைக் குழாய்களைச் சூட்டில் வைத்துவிட்டு ஸ்டூலிலேயே பத்து நிமிடம் கண்ணயர்ந்தது அவருக்கு மட்டும்தான் தெரியும். உறைபெட்டியில் மிச்சமிருந்த அதே பாலை எடுத்து, இம்முறை நின்றபடியே செய்தார். மேடு ஒழுங்காக எழும்பியது.

மேனேஜர் பழனியப்பன் சுலபமான வழி சொன்னார். புதுப் பால் வாங்கிச் சோதித்து, இப்போது சரியாக இருக்கிறது என்று எழுதிவிடலாம். பழைய அறிக்கையைத் தொட வேண்டாம். அப்படியென்றால் முன்பு கலந்தவர், பிடிபட்டதும் திருந்தியவர் என்றல்லவா அந்த மனிதருக்குப் பெயர் நிற்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவோ பழைய அறிக்கையை ரத்து செய்து, காரணம் என்ற கட்டத்தில் 'சோதித்தவர் தூங்கிவிட்டார்' என்று எழுதி, தன் பெயரையும் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்.

பிச்சைமுத்துவின் பால் மறுபடி போகிறது. அக்காவை மெஷினிலிருந்து எடுத்து, குடுவை கழுவப் போட்டுவிட்டார்கள். நான் அவரிடம் போய், மெஷின் கோளாறு என்றாவது எழுதியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

அவர் ஈரக் கையுறையைக் கழற்றினார்.

"ஏற்கனவே ரொம்ப அலுப்பா இருக்கு ரூபினி. பொய்யையும் தூக்கிக்கிட்டு தினம் பாலம் தாண்ட என்னால முடியாதுலா."